வைக்கிகி நீர்மூழ்கிப் பயணம்: நீச்சல் தெரியாத அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பொருநைப்பெண் (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஹவாய் போகிறோம். ஐந்து நாள் ஒவாஹு தீவில், மூன்று நாள் 'பெரிய தீவு' என்று கூப்பிடுகிற ஹவாய் தீவில். தூத்துக்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. (கடற்கரை ஊரில் பிறந்து நீச்சல் தெரியாதா என்று யாரும் கேட்க வேண்டாம், ஏற்கெனவே மாப்பிள்ளை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.)

ஒவாஹுவில் வைக்கிகி கடற்கரையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி, கடலுக்கடியில் பவளப்பாறையும் மீனும் காட்டுகிறார்களாம். ஆளுக்கு 100 டாலருக்கு மேல் ஆகிறது. நான், கணவர், பையன், அப்பா, அம்மா என்று கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. பணத்தைக்கூட விடுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குப் பயம். டைட்டானிக் பார்க்கப் போனவர்கள் கதி தெரியும்தானே? எகிப்திலும் ஒன்று மூழ்கிவிட்டது. அப்பா "கடலுக்கடியில நான் பார்க்காததையா காட்டப் போறான்" என்று சொல்லிவிட்டு, ராத்திரி படுக்கையில் போனை மறைத்து வைத்துக்கொண்டு நீர்மூழ்கி வீடியோவாகப் பார்க்கிறார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். போகலாமா?

மூழ்காதமுத்து (திங்கள், இரவு 10.45)

நான் இரண்டு முறை போயிருக்கிறேன் சகோதரி. ஒரு தடவை வைக்கிகியில், ஒரு தடவை பெரிய தீவில் கைலுவா கோனாவில். எது என்னவென்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வைக்கிகியில் ஹில்டன் விடுதியின் படகுத்துறையில் முதலில் சாதாரணப் படகில் ஏற்றுவார்கள். கால் மணி நேரம் போல அது கடலுக்குள் போகும். இந்தப் பக்கம் டைமண்ட் ஹெட் மலை, அந்தப் பக்கம் ஹோட்டல் கட்டடங்கள் எல்லாம் தீப்பெட்டி மாதிரி. அப்புறம் திடீரென்று தண்ணீரில் நுரை கிளம்பி ஒரு வெள்ளை முதுகு மேலே வரும். முந்தைய சவாரிக்காரர்கள் அதிலிருந்து இறங்கி நம் படகுக்கு வருவார்கள், நாம் அதற்குள் போவோம். இந்த மாறுதல் நடுக்கடலில்தான் நடக்கும். அலை இருந்தால் இரண்டும் ஆடும், ஆனால் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கையைப் பிடித்து அனுப்புகிறார்கள்.

இனிமேல்தான் உங்கள் அம்மா விஷயம். உள்ளே இறங்கும் ஏணி மச்சுப்படி மாதிரி செங்குத்தாக இருக்கும். முகம் ஏணியைப் பார்க்க, பின்பக்கமாக இறங்க வேண்டும். நம் ஊர்ப் பழைய வீட்டில் பரணுக்கு ஏறி இறங்குவோமே, அதேதான். தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏழெட்டுப் படி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் இதுவும் முடியும். பையனுக்கு 36 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் நடக்காது.

உள்ளே பேருந்து மாதிரி. முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, ஆளாளுக்கு முன்னால் வட்டக் கண்ணாடி. பெரியதில் 64 பேர், சின்னதில் 48 பேர். ஏசி உண்டு. காதடைப்பு இல்லை. கீழே இருக்கும் நேரம் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஆழம் 100 அடியைத் தாண்டும்.

இதைக் கவனியுங்கள்: வைக்கிகியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இயற்கையான பவளத்திட்டு இல்லை. அங்கே அடியில் மணல்வெளி. அதில் வேண்டுமென்றே கப்பல்களை மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். 1989-இல் ஒய்.ஓ.257 என்ற பழைய கடற்படை எண்ணெய்க் கப்பல், 1996-இல் சான் பெத்ரோ என்ற மீன்பிடிக் கப்பல். அப்புறம் பழைய விமானத்தின் பாகங்கள், கான்கிரீட் கூம்புகள். அவற்றின்மேல் பவளம் பற்றி வளர்கிறது, மீன் குடியிருக்கிறது. கப்பல் முழுக்க உடைந்து, அதன் வயிற்றுக்குள் ஒரு ஆமை தூங்குவதைப் பார்ப்பது வேறு அனுபவம், குறை சொல்லவில்லை. ஆனால் "பவளப்பாறை பார்க்கணும்" என்றுதான் போகிறீர்கள் என்றால் கோனாவில் ஏறுங்கள். அங்கே உண்மையான பவளத்திட்டின் சரிவை ஒட்டியே போகும். பெரிய தீவுக்கும் போகிறீர்கள்தானே?

சும்மா_ஒருத்தன் (செவ்வாய், காலை 7.02)

ஐந்து பேருக்கு 500 டாலருக்கு மேல் கொடுத்து, நீல விளக்கு போட்ட மீன்தொட்டியை முக்கால் மணி நேரம் பார்க்க வேண்டுமா? நானும் போனேன், வேறொரு நாட்டில். இடமும் பெயரும் வேண்டாம். எல்லாம் நீலம். மீன் நீலம், பாறை நீலம், பக்கத்து சீட்டுக்காரர் முகமும் நீலம். விளம்பரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டிய பவளம் எங்கே என்று கேட்டேன், "அதுதான் சார் இது" என்று ஒரு சாம்பல் கல்லைக் காட்டினார்கள்.

அதற்குப் பதில் ஒவாஹுவிலேயே இருக்கும் ஹனௌமா விரிகுடாவுக்குப் போங்கள். முகக்கண்ணாடி போட்டு முட்டளவு தண்ணீரில் குனிந்தால் போதும், கிளிமீன் பவளத்தைக் கறுக் முறுக்கென்று கடிக்கும் சத்தமே கேட்கும். 25 டாலர் நுழைவுக் கட்டணம். முன்பதிவு செய்ய வேண்டும், திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும், அவ்வளவுதான் தொந்தரவு.

மூழ்காதமுத்து (செவ்வாய், காலை 7.30)

சகோ, நீச்சல் தெரியாத 71 வயதுக்காரரைக் குப்புறப் படுக்கவைத்துக் குழாயில் மூச்சு விடச் சொல்கிறீர்களா? ஹவாய்க்கு வருகிற பயணிகள் கடலில் உயிர்விடும் விபத்துகளில் இந்த ஸ்நார்கெல்லிங்தான் முன்னணியில் இருக்கிறது. நீர்மூழ்கி யாருக்காக என்றால் இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். நீச்சல் தெரிந்த உங்களுக்கும் எனக்கும் அது தேவையில்லை என்பது உண்மை.

நீலம் பற்றிச் சொன்னது சரி. அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் கழியும். முப்பது மீட்டரில் மிஞ்சுவது நீலமும் கொஞ்சம் பச்சையும். படம் எடுக்கிறவர்கள் விளக்கோடு கீழே போய் எடுக்கிறார்கள், அதனால் அவர்கள் படத்தில் வண்ணம் இருக்கிறது. நமக்கு ஜன்னலில் இருக்காது. வெயில் உச்சிக்கு வரும் நேரத்துச் சவாரியாகப் பார்த்து எடுங்கள், வெளிச்சம் நேராக இறங்கும். கைப்பேசியில் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் உங்கள் மூக்குதான் விழும்.

கப்பல்பட்டறை (செவ்வாய், மதியம் 1.15)

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். கப்பல் கட்டும் தளத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டைட்டானிக் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கியையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 2023 ஜூன் 18-இல் அது இறங்கக் கிளம்பியது சுமார் 3,800 மீட்டர் ஆழத்துக்கு. அங்கே அழுத்தம் நாம் நிற்கும் இடத்தைப்போல ஏறத்தாழ 380 மடங்கு. அதன் உடம்பு கார்பன் இழையால் ஆனது, கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் எந்த வகைப்பாட்டு நிறுவனத்திடமும் சான்று வாங்கவில்லை. ஐந்து பேர் போனார்கள். உல்லாச நீர்மூழ்கி இறங்குவது முப்பது, நாற்பது மீட்டர். முப்பது மீட்டரில் மொத்த அழுத்தம் நான்கு மடங்குதான். கனத்த எஃகு உருளைக்கு அது பெரிய வேலையே இல்லை. ஜன்னல் என்பது சாதாரணக் கண்ணாடி இல்லை, தடித்த அக்ரிலிக். அமெரிக்காவில் ஓடுகிறவற்றைக் கடலோரக் காவல்படை பரிசோதித்துச் சான்று கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு சங்கதி. கல் மாதிரி மூழ்குகிற வண்டி இல்லை இது. தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிக் கனத்தை ஏற்றுவார்கள், ஆனால் மிதக்கும் தன்மையைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, செங்குத்து விசிறிகளால் கீழே அழுத்தி ஓட்டுவார்கள். பேட்டரி மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும், வண்டி தானாக மேலே எழும். அதோடு மேலே ஒரு படகு கூடவே வந்துகொண்டிருக்கும். பேட்டரி என்பதால் புகை, எண்ணெய் நாற்றமும் இல்லை.

உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதுதான். காற்றுக்கலன் மாட்டிக்கொண்டு ஸ்கூபா போனவர்கள் விமானம் ஏற 12 முதல் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், இதற்கு அந்தக் கணக்கு இல்லை. மதியம் மூழ்கிவிட்டு மாலை விமானம் ஏறலாம்.

எகிப்து விஷயம் வேறு. 2025 மார்ச் 27, ஹுர்கடா. 45 பயணிகளில் ஆறு பேர் இறந்தார்கள், எல்லோரும் ரஷ்யர்கள். அந்த வண்டி பல வருடமாகப் பவளத்திட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்ததுதான். அதனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாடு எது, சான்று கொடுத்தது யார், கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பேருந்தில் ஏறும்போது நாம் கேட்பதில்லை, அது வேறு.

போர்ட்பிளேர்வாசி (செவ்வாய், மாலை 6.40)

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தமானில் "சப்மரைன் சவாரி" என்று யாராவது சொன்னால் அது பாதி நீர்மூழ்கி. நார்த் பே தீவில் ஓடுவது அப்படித்தான். மேலே சாதாரணக் கப்பல், அடித்தளத்தில் கண்ணாடி வைத்த அறை, நாம் அதில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்ப்போம். வண்டி மூழ்காது. மோசம் என்று சொல்லவில்லை, இரண்டு மூன்று மீட்டர் ஆழம் என்பதால் வண்ணம் நன்றாகவே தெரியும், வயதானவர்களுக்கும் சுலபம். ஆனால் மூழ்கப் போகிறோம் என்று நினைத்து வந்து "எப்போ சார் கீழே போகும்?" என்று கேட்கிறவர்களை நான் வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன்.

ஜாலி பாய் தீவு பக்கம் கண்ணாடி அடிப் படகு உண்டு. அது வண்டூர் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போக விடமாட்டார்கள்.

இந்தியாவில் நிஜ நீர்மூழ்கி சுற்றுலா என்று துவாரகை பக்கம் குஜராத் அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது, மசகான் கப்பல் தளத்தோடு ஒப்பந்தம் என்றார்கள். துவாரகைக் கடலில் கிருஷ்ணரின் ஊரைப் பார்க்கலாம் என்று எங்கள் மாமியார் அப்போதே பெட்டி கட்டிவிட்டார்.

சும்மா_ஒருத்தன் (செவ்வாய், இரவு 8.05)

ஆக, ஒவாஹுவில் இருப்பது பவளமே இல்லை, துருப்பிடித்த கப்பல். நான் சொன்னது சரிதான்.

பவளமல்லி (செவ்வாய், இரவு 11.20)

துருப்பிடித்த கப்பல் என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் தம்பி. பவளம் என்பது கல் இல்லை, கல் கட்டுகிற உயிர். அதன் குஞ்சு தண்ணீரில் மிதந்து வந்து உறுதியான ஒரு இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மணலில் ஒட்ட முடியாது. இரும்போ கான்கிரீட்டோ கிடைத்தால் ஒட்டும். ஹவாயில் காலிஃபிளவர் பவளம் என்று ஒரு இனம், புது இடத்தில் முதலில் குடியேறும் ரகம். முப்பது வருடத்துக்கு மேல் கிடக்கும் கப்பலில் அதைப் பார்க்கலாம். செயற்கைத் திட்டு மீனைப் புதிதாகப் பெருக்குகிறதா, வேறு இடத்து மீனைக் கூப்பிட்டுச் சேர்க்கிறதா என்பது எங்கள் துறையில் பழைய சண்டை. அதற்குள் போக வேண்டாம்.

எனக்கு வேறொரு உறுத்தல். பவளத்தைப் பார்க்கப் போகும் வண்டியே பவளத்தை உடைத்தால்? கொரியாவில் ஜேஜு தீவுக்குப் பக்கத்தில் முன்சொம் என்று ஒரு குட்டித் தீவு. மென்பவளத்துக்குப் பேர் போன இடம், சட்டப்படி இயற்கை நினைவுச்சின்னம். அங்கே 1988 முதல் நீர்மூழ்கிச் சுற்றுலா ஓடியது. பாறைச் சுவரை ஒட்டி மேலும் கீழும் போய்ப் போய்ப் பாறை உராய்ந்து பவளம் அழிந்திருக்கிறது என்று 2022-இல் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று கிளப்பியது. 2023 கடைசியில் அரசு அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஓடிய பிறகு.

அந்தக் கணக்கில் பார்த்தால் வைக்கிகியில் மணல்வெளியில் கப்பலைப் போட்டு அதைச் சுற்றிக் காட்டுவது எவ்வளவோ மேல். வண்டி இடித்தாலும் இரும்பில் இடிக்கும். கோனா போகச் சொல்கிற முத்து அண்ணன் கோபப்பட வேண்டாம்.

மூழ்காதமுத்து (புதன், காலை 6.50)

கோபமெல்லாம் இல்லை அக்கா, ஆனால் கோனாவில் திட்டிலிருந்து நல்ல இடைவெளி விட்டுத்தான் ஓட்டினார்கள். நான் ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தவன். ஒரு கேள்வி: 2015-இல் அந்தப் பக்கம் பவளம் வெளுத்துப் போனது என்கிறார்களே, இப்போது போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? நான் போனது அதற்கு முன்னால்.

பவளமல்லி (புதன், காலை 9.15)

இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்தது அல்ல. 2014, 2015 இரண்டு வருடமும் ஹவாய்க் கடல் சூடாகிவிட்டது. பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கும். உணவில் பெரும்பங்கும் நிறமும் அதன் தயவு. சூடு தாங்காமல் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும், வெள்ளை எலும்பு மட்டும் தெரியும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியில் சாகும். பெரிய தீவின் மேற்குக் கரைதான் அதில் அதிகம் அடிபட்டது. காலிஃபிளவர் ரகம் ஏராளமாகச் செத்தது. உருண்டைப் பாறை மாதிரி வளரும் லோப் பவளம் கொஞ்சம் கெட்டி, அது பல இடத்தில் நிற்கிறது. உலகம் முழுக்க நான்காவது பெரு வெளுப்பு நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கடலாய்வு அமைப்பு அறிவித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பொருநைப்பெண், ஒரு வேண்டுகோள். கடற்கரையில் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீனை ஊரிலிருந்து கொண்டு போகாதீர்கள். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்களில் எது சேர்ந்திருந்தாலும் 2021 ஜனவரி முதல் ஹவாயில் விற்கவே தடை. துத்தநாக வகை வாங்கிக்கொள்ளுங்கள். முகம் கோலமாவு பூசினமாதிரி இருக்கும், பரவாயில்லை.

வடமராட்சியான் (புதன், மாலை 5.30)

நான் ரொறன்ரோவில் இருக்கிறன். போன வருசம் மனிசியோடை வைக்கிகியில் ஏறினேன். எனக்கு அந்தக் கான்கிரீட் கூம்புகளைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. கடலுக்குள் கல்லைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். நாங்கள் கடலிலிருந்து கல்லை எடுத்தவர்கள். முருகைக்கல் என்று சொல்லுவோம். யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரைப் போய்த் தடவிப் பார்த்தால் பவளத்தின் கண் கண்ணாய் இருக்கிற அச்சு கையில் தட்டுப்படும். ஊரில் எத்தனையோ பழைய வேலியும் கிணற்றுக்கட்டும் அந்தக் கல்தான். இலங்கையின் தெற்கே சுண்ணாம்புச் சூளைக்கென்றே வண்டி வண்டியாய் உடைத்து எரித்தார்கள். ஹிக்கடுவையில் கண்ணாடிப் படகில் ஏற்றிக் காட்டுகிற திட்டும் 1998 வெளுப்பில் பெரும்பாலும் போனது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு நல்ல பயணம்தான் தங்கச்சி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. படகு மாறுமுன்னம் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், கீழே ஆட்டம் இல்லை, மேலே தான் ஆட்டம்.

பொருநைப்பெண் (புதன், இரவு 10.00)

வடமராட்சி அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நாங்களும் அதே கதைதான். வள்ளத்தில போய்க் கடப்பாரை போட்டுப் பேத்துக் கொண்டுவந்து கரையில மலை மாதிரி குவிச்சிருப்பாங்க. சூளையில எரிச்சா நல்ல வெள்ளச் சுண்ணாம்பு. எங்க வீட்டுப் பழைய சுவரு அதுலதான் பூசினது. அப்ப யாரும் தப்புன்னு சொல்லல. விலாங்குச்சல்லி தீவு, பூவரசன்பட்டி தீவு ரெண்டும் தண்ணிக்குள்ள போனப்புறம்தான் உறைச்சுது."

நான் சரிபார்த்தேன். மன்னார் வளைகுடாவில் 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தபோது 21 தீவுகள். அந்த இரண்டும் மூழ்கிவிட்டன, பவளம் வெட்டியதும் ஒரு காரணம். 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், அதாவது புலிக்கு இருக்கும் பாதுகாப்பு. இப்போது வான் தீவும் போய்விடக் கூடாது என்று அதைச் சுற்றிக் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள்.

அப்பா இதையெல்லாம் என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. டிக்கெட் எடுத்தாயிற்று. வைக்கிகியில், ஐந்து பேருக்கும். கோனாவுக்கு அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு.

கப்பல்பட்டறை (வியாழன், காலை 8.30)

நல்லது அம்மா. அப்பாவுக்கு ஒரு கொசுறு: சுற்றுலாவுக்கென்றே கட்டிய முதல் நீர்மூழ்கி கடலில் ஓடவில்லை. 1964-இல் சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரியில். ழாக் பிக்கார் கட்டியது, 40 பேர் உட்காரலாம். இரண்டு வருடத்தில் 33,000 பேரைக் கீழே கூட்டிப் போய் வந்தது. ஏரித் தண்ணீர் கலங்கல், பெரிதாக எதுவும் தெரியவில்லை. சும்மா ஒருத்தன் அன்றைக்கே ஒரு டிக்கெட் வாங்கியிருப்பார்.

சும்மா_ஒருத்தன் (வியாழன், காலை 8.41)

வாங்கிவிட்டுத் திட்டியிருப்பேன்.

பொருநைப்பெண் (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20)

வந்தாயிற்று. சொன்னபடி எழுதுகிறேன்.

அம்மா வீட்டில் ஒரு வாரம் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிப் பழகினாள். பையன் கீழே நின்று "கமான் ஆச்சி" என்று கைதட்டுவான். அங்கே போய் ஏணியைப் பார்த்ததும் "முருகா" என்றாள், ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா, இறங்கிவிட்டாள். புடவை வேண்டாம், சுடிதார் போடுங்கள் என்று யாராவது எழுதியிருக்கலாம். நல்லவேளையாக எனக்கே தோன்றியது. படகில் வரும்போது எனக்குத்தான் குமட்டியது. அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

மூடியை மூடியதும் எல்லோரும் கப்பென்று அடங்கிவிட்டார்கள். ஜன்னலில் தண்ணீர்க் கோடு மேலே ஏறியது, குமிழ் பறந்தது, பிறகு கடல். ஆழம் காட்டுகிற எண் ஏற ஏற வெளிச்சம் மாறிக்கொண்டே போனது. அம்மாவின் நெற்றியைத் திரும்பிப் பார்த்தேன், குங்குமம் கறுப்பாக இருந்தது. மை வைத்த மாதிரி. அரக்குத் துப்பட்டா பழுப்பு. நீங்கள் எழுதியதைப் படித்திருந்தும் திடுக்கென்றது. அம்மா என் பொட்டைப் பார்த்து "உனக்கும்தாண்டி" என்றாள்.

அப்பாவுக்குப் பேச்சே நிற்கவில்லை. வழிகாட்டி ஒலிபெருக்கியில் ஒவ்வொரு மீனுக்கும் ஆங்கிலப் பெயரும் ஹவாய்ப் பெயரும் சொல்ல, இவர் பின்னாலேயே தூத்துக்குடிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். கூட்டமாக வந்த பெரிய மீனுக்குப் பெயர் 'பாறை', மணலைக் கிளறிக்கொண்டிருந்தது நவரை, அடியில் போர்வை மாதிரி போனது திருக்கை. மாநில மீன் என்று ஒன்றைக் காட்டினார்கள், ஹுமுஹுமு என்று ஆரம்பித்து மூச்சு முட்டும் வரை நீளும் பெயர். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு "கிளாத்தி" என்றார், நான்கு எழுத்தில் முடிந்துவிட்டது. நீலக் கோடு போட்ட மஞ்சள் மீன் நூற்றுக்கணக்கில் கப்பலைச் சுற்றி நின்றது. அது ஹவாய் மீனே இல்லையாம், 1950-களில் வேறு தீவுகளிலிருந்து கொண்டுவந்து விட்டது, இப்போது பல்கிப் போயிருக்கிறது.

ஆமை இரண்டு. பையன் எண்ணியதில் ஐந்து, ஒரே ஆமையை வண்டி திரும்பும்போதெல்லாம் எண்ணியிருக்கிறான்.

பவளம் இருந்ததா? இருந்தது. சும்மா ஒருத்தன் சொன்ன சாம்பல் கல் மாதிரியும் இருந்தது. கப்பலின் கைப்பிடிக் கம்பியில் பூங்கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டும் இருந்தது. கண்ணுக்கு விருந்து என்றால் கப்பல்தான். ஆனால் கான்கிரீட் கட்டமைப்புகள் பக்கம் வந்தபோது அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அதன் இடுக்கில் மீன்குஞ்சு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. வண்டி கடந்து போனபிறகும் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே வந்து படகில் உட்கார்ந்ததும், "வான் தீவுல போட்டிருக்கிறதும் இப்படித்தான் ஆயிருக்குமோ?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க அந்தக் கரையில் இருந்தவர், நம் கடலுக்கடியை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

கோனாவில் ஏறவில்லை. அம்மா கால் சரியாகத்தான் இருந்தது. எரிமலைக்கே ஒரு நாள் போய்விட்டது, இன்னொரு நாள் மழை. அப்பாவுக்கு அதில் வருத்தம்.

பவளமல்லி (ஞாயிறு, இரவு 7.55)

அப்பாவிடம் சொல்லுங்கள், வான் தீவுப் பக்கம் போட்டவற்றிலும் பவளம் பற்றியிருக்கிறது, மீனும் சேர்ந்திருக்கிறது. ஊருக்குப் போனதும் தூத்துக்குடியிலேயே கடல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கேட்டால் அங்கே எடுத்த படங்களைக் காட்டுவார்கள்.

சும்மா_ஒருத்தன் (ஞாயிறு, இரவு 9.30)

சரி, மொத்தம் எவ்வளவு ஆச்சு? கார் நிறுத்தக் காசையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வருடம் எங்க அம்மா வருகிறார்கள்.